தன் ஆணையே தனக்கு எமன்

ஏதென்ஸ்: ஒரு நூற்றாண்டின் கதை – 14

கி.மு. 430 கோடையில் ஏதென்ஸின் மதிலுக்குள் நுழைந்த கொள்ளைநோயைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். தரையில் ஸ்பார்ட்டாவோடு மோத வேண்டாம், கடலை மட்டும் கைவிட வேண்டாம் என்பது பெரிக்ளீஸ் வகுத்த போர்த்திட்டம். அதற்காக நாட்டுப்புறத்து மக்களை வீடு வாசலை விட்டுக் கிளப்பி நகருக்குள் குடியேற்றினார். எதிரியின் பலம், தன் கப்பல்கள், கருவூலத்தில் இருந்த வெள்ளி எல்லாவற்றையும் அவர் கணக்குப் போட்டிருந்தார். பைரேயஸ் துறைமுகத்தில் இறங்கி மேலேறி வந்த நோய் அந்தக் கணக்கில் இல்லை. குடிசைகளிலும் கோயில் வளாகங்களிலும் நெருக்கியடித்துக் கிடந்த கூட்டத்தை அது வாரிக்கொண்டு போனது. படைப்பட்டியலில் இருந்த காலாட்படையினர் மட்டும் 4,400 பேர், குதிரை வீரர்கள் 300 பேர் என்று துசிடிடீஸ் எழுதுகிறார். ஏனையோரை எண்ண வழியில்லை என்கிறார்.

இந்த வாரம் போர்முனையை விட்டு விலகி, அக்ரோபோலிஸ் குன்றின் தென்சரிவுக்குப் போவோம். அங்கே டயோனிசஸ் கடவுளின் கோயிலை ஒட்டி ஒரு திறந்தவெளி அரங்கம் இருந்தது. நோயின் நினைவு ஆறாத அந்த ஆண்டுகளில்தான் சோஃபோக்ளீஸின் 'ஈடிபஸ் மன்னன்' அங்கே மேடையேறியிருக்க வேண்டும் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கணிப்பு. அந்த நாடகம் தொடங்குவதே கொள்ளைநோயில்தான். ஊர் மக்கள் கையில் மரக்கிளைகளோடு அரண்மனை வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். காப்பாற்று என்று அரசனிடம் கேட்கிறார்கள்.

ஆனால் ஏதென்ஸில் அரசன் இல்லை. அரசாட்சி தேவையில்லை என்று ஒதுக்கித் தள்ளிய ஊர் அது. கொடுங்கோலர்களைத் துரத்தியதைப் பெருமையாகப் பேசிக்கொண்ட ஊர். அப்படிப்பட்ட ஊரின் குடிமக்கள் ஆண்டுதோறும் வசந்த காலத்தில் ஆயிரக்கணக்கில் திரண்டு, பழங்கதை அரசர்கள் ஒவ்வொருவராக வீழ்வதைக் காலை முதல் உட்கார்ந்து பார்த்தது ஏன்? இதற்கு விடை தேட வேண்டுமானால் அறுபது ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

ஆயிரம் திராக்மா அபராதம்

கி.மு. 494-ல் ஆசியக் கரையிலிருந்த மிலெட்டஸ் நகரைப் பாரசீகர்கள் அழித்தார்கள். ஏதென்ஸ் மக்கள் உறவு பாராட்டிய ஊர் அது. பாரசீகத்துக்கு எதிரான கிளர்ச்சிக்குக் கப்பல்கள் அனுப்பிவிட்டுப் பாதியிலேயே ஏதென்ஸ் கைகழுவியிருந்ததால், துக்கத்தோடு குற்ற உணர்வும் சேர்ந்திருந்தது. பிரினிக்கஸ் என்ற நாடக ஆசிரியர் அந்த அழிவையே நாடகமாக்கி அரங்கேற்றினார். கூடியிருந்தவர்கள் அத்தனை பேரும் வாய்விட்டு அழுதார்கள் என்கிறார் ஹெரோடோட்டஸ்.

நாடக ஆசிரியருக்கு இதைவிட வேறென்ன வெற்றி வேண்டும்? ஏதென்ஸ் அப்படி நினைக்கவில்லை. சொந்தத் துயரத்தை நினைவூட்டினார் என்று அவருக்கு 1,000 திராக்மா அபராதம் விதித்தது. அந்த நாடகத்தை இனி யாரும் நடத்தக் கூடாது என்றும் தடை போட்டது. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில்கூட ஒரு கைவினைஞரின் நாள்கூலி ஒரு திராக்மாதான் என்பதை வைத்துப் பார்த்தால், தண்டனையின் கனம் புரியும்.

நாடகக்காரர்கள் இதிலிருந்து பாடம் கற்றுக்கொண்டார்கள். ஊரின் காயத்தை ஊரார் எதிரில் நேராகத் திறந்து காட்டக் கூடாது. அழ வைக்கலாம். ஆனால் அழுகைக்கு வேறோர் ஊர் வேண்டும், வேறொரு காலம் வேண்டும்.

இந்தப் பாடத்தை முதலில் பெரிய அளவில் செய்து காட்டியவர் ஐஸ்கிலஸ். மாரத்தான் போரில் வாளேந்தியவர் அவர். அவருடைய சகோதரர் கினகைரஸ் அந்தக் களத்திலேயே மாண்டார். கி.மு. 472-ல், சலாமிஸ் கடற்போர் முடிந்து எட்டே ஆண்டுகளில், 'பாரசீகர்கள்' நாடகத்தை அவர் அரங்கேற்றினார். எடுத்துக்கொண்டது சமகால வரலாறுதான். ஆனால் கதை நடப்பது ஏதென்ஸில் அல்ல, பாரசீகத் தலைநகர் சூசாவில். கடலில் வென்ற கிரேக்கத் தளபதி ஒருவரின் பெயர்கூட நாடகத்தில் வராது. தோற்ற படையின் செய்தி வருகிறது, அரசனின் தாய் கலங்குகிறாள், இறந்துபோன பேரரசர் டேரியஸின் ஆவி எழுந்து வந்து மகனின் அகந்தையைக் கடிந்துகொள்கிறது. கடலின் மேல் பாலம் கட்டி நுகத்தடி பூட்டத் துணிந்த ஸெர்க்ஸிஸ், கடைசியில் கிழிந்த உடையோடு வந்து நின்று புலம்புகிறான்.

பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பலர் சலாமிஸில் துடுப்புப் போட்டவர்கள். தங்கள் வீடுகளையும் கோயில்களையும் எரித்தவனின் அழுகையை அவர்கள் கேட்டார்கள். அந்த நாடகத்துக்குப் பரிசும் கொடுத்தார்கள். அதற்குச் செலவு செய்த புரவலர் யார் தெரியுமா? அப்போதுதான் இருபதுகளில் இருந்த பெரிக்ளீஸ். பேரரசைக் கையில் வைத்திருப்பவன் எப்படி விழுவான் என்று காட்டும் நாடகத்துக்குப் பணம் போட்ட அந்த இளைஞர், பிறகு ஒரு பேரரசையே கையில் வைத்துக்கொண்டார்.

கப்பப் பணமும் போர் அனாதைகளும்

இந்த நாடகங்கள் பொழுதுபோக்குக்காகத் தினமும் நடந்தவை அல்ல. நம் கணக்கில் பங்குனி மாதத்தை ஒட்டி வரும் பெரிய டயோனிசஸ் திருவிழாவில் அரசு நடத்திய போட்டி அது. மூன்று ஆசிரியர்கள் தேர்ந்தெடுக்கப்படுவார்கள். ஒவ்வொருவரும் மூன்று துன்பியல் நாடகங்களும் ஒரு கேலி நாடகமும் தர வேண்டும். பாட்டும் ஆட்டமுமாக வரும் குழுவினரின் பயிற்சிக்கும் உடைக்கும் ஒரு பணக்காரக் குடிமகன் செலவழிப்பார். அது கௌரவமும்கூட, வரியும்கூட. நடிகர்கள் எல்லோரும் ஆண்கள். முகமூடி அணிந்து, ஒருவரே பல பாத்திரங்களில் வருவார்கள். ஐஸ்கிலஸ் இரண்டாவது நடிகரைக் கொண்டுவந்தார், சோஃபோக்ளீஸ் மூன்றாமவரைச் சேர்த்தார் என்பது அரிஸ்டாட்டில் தரும் செய்தி.

நடுவர்கள் விமர்சகர்கள் அல்லர். நகரின் பத்துக் குலப்பிரிவுகளிலிருந்தும் குலுக்கல் முறையில் தலைக்கு ஒருவராக எடுக்கப்பட்ட சாதாரணக் குடிமக்கள். அவர்கள் எழுதிக் கொடுத்த பத்து ஓலைகளிலும் ஐந்தை மட்டுமே உருவி எண்ணுவார்கள். நீதிமன்றத்துக்கும் அரசுப் பதவிகளுக்கும் ஆள் பொறுக்கிய அதே குலுக்கல்தான் இங்கேயும்.

நாடகம் தொடங்கும் முன் நடந்த சடங்குகளைக் கவனிக்க வேண்டும். பத்துத் தளபதிகளும் கடவுளுக்கு மது வார்த்தார்கள். ஏதென்ஸின் கீழிருந்த நகரங்கள் அனுப்பிய கப்பப் பணத்தை ஆடுகளத்துக்குள் சுமந்துவந்து எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தார்கள். போரில் இறந்தவர்களின் பிள்ளைகள் அரசின் செலவில் வளர்ந்து பெரியவர்களானதும், கவசம் அணிந்து அணிவகுத்து வந்தார்கள். ஊர் தன் செல்வத்தையும் தன் இழப்பையும் ஒரே இடத்தில் கண்ணாரப் பார்த்துக்கொண்டது. அந்தப் பெருமிதம் அடங்குவதற்குள், அதே தரையில் ஓர் அரசன் வந்து நின்று சரியத் தொடங்குவான். இந்த வரிசை தற்செயலாக அமைந்ததாக இருக்கலாம். பார்த்தவர்கள் மனத்தில் இரண்டும் ஒட்டாமல் போயிருக்க முடியாது.

கருவூலக்காரரும் தளபதியும்

சோஃபோக்ளீஸ் மலைக்குகையில் உட்கார்ந்து எழுதிய கவிஞர் அல்லர். ஏதென்ஸை ஒட்டிய கொலோனஸ் என்ற ஊரில், ஏறத்தாழ கி.மு. 496-ல் பிறந்தவர். சலாமிஸ் வெற்றி விழாவில் பாடிய சிறுவர் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் என்று மரபு சொல்கிறது. கி.மு. 468-ல் ஐஸ்கிலஸையே போட்டியில் வென்றார். 443-ல் அந்தக் கப்பப் பணத்தைக் காக்கும் கருவூல அதிகாரிகளில் ஒருவர். 441-ல் சாமோஸ் தீவின் கிளர்ச்சியை அடக்கப் போனபோது பெரிக்ளீஸுக்குச் சமமான தளபதிகளில் ஒருவர். அழகான ஒரு பையனைப் பார்த்து அவர் மயங்கிப் பேசியதற்காகப் பெரிக்ளீஸ் அவரைக் கண்டித்ததாகவும் ஒரு கதை உண்டு. நூற்று இருபதுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். முழுதாக நமக்குக் கிடைத்தவை ஏழு.

ஆக, கப்பப் பணத்தை எண்ணியவர், படை நடத்தியவர், தீர்மானங்கள் எப்படிப் போடப்படுகின்றன, அவை யார் தலையில் போய் விழுகின்றன என்று கிட்ட இருந்து பார்த்தவர்தான் ஈடிபஸின் கதையைக் கையில் எடுத்தார். கதை நடக்கும் ஊர் தீப்ஸ். 431-ல் பிளாட்டியா நகருக்குள் இரவோடு இரவாகப் படை அனுப்பி இந்தப் போரையே தொடங்கி வைத்த எதிரி ஊர். பிரினிக்கஸ் பட்ட அடி மறக்கப்படவில்லை. நோய் ஏதென்ஸில், மேடையோ தீப்ஸில்.

ஒரு நாள் விசாரணை

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தந்தையைக் கொன்று தாயை மணப்பான் என்ற அருள்வாக்குக்குப் பயந்து மலையில் எறியப்பட்ட குழந்தை, வேறோர் ஊரில் அரசகுமாரனாக வளர்ந்து, தெரியாமலே அந்த இரண்டையும் செய்கிறது. அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் இது பாட்டி சொன்ன கதை. ஆகவே 'என்ன நடக்கும்' என்று காத்திருக்க அவர்களுக்கு ஒன்றுமில்லை. சோஃபோக்ளீஸின் திறமை வேறிடத்தில் இருக்கிறது. கொலையும் மணமும் நடந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. நான்கு பிள்ளைகளும் பிறந்துவிட்டார்கள். மேடையில் நடப்பது ஒரே ஒரு நாளின் விசாரணை.

நோய் தீர வழி கேட்க டெல்ஃபிக்கு ஆள் அனுப்பு என்று மக்கள் கேட்கும் முன்பே, மைத்துனன் கிரேயோனை அனுப்பி வைத்திருக்கிறான் ஈடிபஸ். அப்படிப்பட்ட அரசன் அவன். முந்தைய அரசன் லாயஸைக் கொன்றவன் ஊருக்குள் இருக்கிறான், அவனை வெளியேற்றினால் நோய் தீரும் என்று பதில் வருகிறது. உடனே பிரகடனம் செய்கிறான்: கொலைகாரனுக்கு யாரும் இடம் கொடுக்கக் கூடாது, அவனோடு பேசக் கூடாது, பலிகளிலும் வேண்டுதல்களிலும் அவனைச் சேர்க்கக் கூடாது. அதோடு நிற்காமல், அவன் தன் வீட்டிலேயே தனக்குத் தெரிந்து இருந்தால் அந்தச் சாபம் தன்மேலும் விழட்டும் என்கிறான்.

குருட்டுத் தீர்க்கதரிசி டைரீஸியஸ் வருகிறார். உண்மை தெரிந்தும் சொல்ல மறுக்கிறார். விட்டுவிடு, நான் வீட்டுக்குப் போகிறேன் என்று கெஞ்சுகிறார். ஈடிபஸ் விடவில்லை. கோபத்தில் அவர்மேலேயே பழி போட, அவரும் கோபத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறார். அதைச் சதி என்று எடுத்துக்கொண்டு கிரேயோன்மேல் பாய்கிறான். அரசி யொகாஸ்டா சமாதானம் செய்ய வருகிறாள். அருள்வாக்கெல்லாம் பொய், லாயஸை அவன் மகன் கொல்வான் என்றார்கள், கொன்றதோ மூன்று பாதைகள் கூடும் இடத்தில் வழிப்பறிக்காரர்கள் என்று ஆறுதல் சொல்கிறாள். அந்த ஆறுதலில்தான் இடி விழுகிறது. மூன்று பாதைகள் கூடும் இடத்தில் ஒரு கிழவரையும் அவர் ஆட்களையும் தானே கொன்றது ஈடிபஸுக்கு நினைவு வருகிறது.

பிறகு கொரிந்திலிருந்து ஒருவன் வருகிறான். வளர்த்த தந்தை இறந்துவிட்டார், இனிப் பயமில்லை என்று சொல்ல வந்தவன், இன்னும் ஒரு நல்ல செய்தி என்று நினைத்து, அவர் உன்னைப் பெற்றவரே இல்லை என்று சொல்லிவிடுகிறான். யொகாஸ்டாவுக்கு அந்தக் கணமே எல்லாம் விளங்கிவிடுகிறது. இதற்குமேல் கேட்காதே என்று காலைப் பிடிக்காத குறையாக வேண்டுகிறாள். தன் பிறப்பு தாழ்ந்ததாக இருந்துவிடுமோ என்று அவள் அஞ்சுவதாக இவன் நினைத்துக்கொள்கிறான். கடைசிச் சாட்சி ஒரு கிழட்டு இடையன். அவனும் வாயைத் திறக்க மறுக்கிறான். சித்திரவதை செய்வேன் என்று மிரட்டித்தான் உண்மையை வாங்குகிறான் ஈடிபஸ். உள்ளே யொகாஸ்டா தூக்கில் தொங்குகிறாள். அவள் உடையில் இருந்த ஊசிகளை உருவித் தன் கண்களைக் குத்திக்கொள்கிறான்.

ஊழா, செயலா?

ஊழ்வினையில் ஊறிய நமக்கு இதை விதியின் விளையாட்டு என்று படிக்கத் தோன்றும். பாதிதான் சரி. அருள்வாக்கு சொன்னது இரண்டே செயல்களை, கொலையும் மணமும். அவை நாடகம் தொடங்கும் முன்பே முடிந்துவிட்டன. இன்று மேடையில் நடக்கும் எதையும் எந்தத் தெய்வமும் முன்கூட்டிச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. பிரகடனம் செய் என்று யாரும் சொல்லவில்லை. டைரீஸியஸ், யொகாஸ்டா, இடையன் என்று மூன்று பேர் நிறுத்தச் சொல்கிறார்கள். மூன்று தடவையும் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் அரசனாகவே செத்திருப்பான், ஊர் நோயில் அழிந்திருக்கும்.

நிறுத்தாததற்குக் காரணம் அவனுடைய கெட்ட குணம் அல்ல. ஸ்ஃபிங்ஸின் புதிரை விடுவித்து ஊரைக் காப்பாற்றிய அதே அறிவு, தெரியாத ஒன்றைத் தெரியாமலே விட்டுவைக்க முடியாத அதே பிடிவாதம், ஊருக்காக விரைந்து செயல்படும் அதே வேகம். எது அவனை அரியணையில் ஏற்றியதோ அதுவே இறக்கியது. தீயவன் கெட்டால் நமக்குத் திருப்தி. நல்லவன் வெறும் விபத்தில் கெட்டால் வயிற்றெரிச்சல். தன்னை உயர்த்திய குணத்தாலேயே ஒருவன் கெடும்போதுதான் துன்பியல் நாயகன் பிறக்கிறான்.

ஏதென்ஸ்காரர்களுக்கு இதில் இன்னொரு பழக்கமான வாசனையும் அடித்திருக்கும். ஈடிபஸ் நடத்துவது அவர்கள் ஊர் வழக்கு விசாரணை. கொலைக் குற்றம் சாட்டப்பட்டவன் கோயிலுக்கும் சந்தைவெளிக்கும் வரக் கூடாது என்று பிரகடனம் செய்வது ஏதென்ஸின் சட்டம். அடிமையின் சாட்சியத்தைச் சித்திரவதை செய்து பெறுவதும் அவர்கள் சட்டம்தான். அந்த இடையன் அடிமை. ஆண்டுக்கு 6,000 குடிமக்கள் குலுக்கலில் நீதிபதிகளாகப் பெயர் கொடுத்திருந்த ஊர் அது. அரங்கில் இருந்தவர்களில் எத்தனையோ பேர் அதே மாதத்தில் யாரோ ஒருவரின் வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருப்பார்கள். பெர்னார்ட் நாக்ஸ் என்ற அறிஞர் 1957-ல் வெளியிட்ட நூலில், ஈடிபஸ் ஏதென்ஸின் உருவமே என்று வாதிட்டார். வேகம், தன்னம்பிக்கை, எதையும் கேள்வி கேட்கும் அறிவு என்று அந்த ஊர் தன்னைப் பற்றிப் பெருமைப்பட்டவை எல்லாம் எதிரி ஊரின் அரசனுக்குள் வைக்கப்பட்டிருந்தன.

பெரிக்ளீஸின் சட்டம்

மேடையில் நடந்தது வாழ்க்கையிலும் நடந்தது. கி.மு. 451-ல் பெரிக்ளீஸ் ஒரு சட்டம் கொண்டுவந்தார். தந்தையும் தாயும் இருவருமே ஏதென்ஸ்காரர்களாக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை. சில ஆண்டுகள் கழித்து எகிப்திலிருந்து வந்த தானியத்தைப் பங்கிட்டபோது இந்தச் சட்டத்தைக் காட்டிச் சலித்ததில், ஏறத்தாழ 5,000 பேரின் குடியுரிமை பறிபோனது என்று புளூடார்க் எழுதுகிறார்.

பிறகு பெரிக்ளீஸ் மனைவியைப் பிரிந்து, அஸ்பேஷியாவோடு வாழ்ந்தார். அவள் பிறந்த ஊர் மிலெட்டஸ். பிரினிக்கஸ் அழ வைத்த அதே மிலெட்டஸ். அவர்களுக்கு ஒரு மகன் பிறந்தான். அவனுக்கும் பெரிக்ளீஸ் என்றே பெயர். தந்தையின் சட்டப்படி அவன் குடிமகன் அல்லன்.

கொள்ளைநோய் வந்தது. கோபத்தில் மக்கள் பெரிக்ளீஸைப் பதவி நீக்கி அபராதம் போட்டார்கள். முதல் மனைவிக்குப் பிறந்த ஸாந்திப்பஸ் நோயில் செத்தான். அப்போதும் அவர் அசையவில்லை. இளையவன் பராலஸும் போனான். பிணத்துக்கு மாலை வைக்கக் குனிந்தவர், ஊரறிய வாய்விட்டு அழுதார். அதற்கு முன் அவர் அப்படி அழுது யாரும் பார்த்ததில்லை. வம்சத்துக்குச் சட்டப்படி வாரிசே இல்லை என்ற நிலை. மீண்டும் தளபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், மக்கள் பேரவையின் முன் போய் நின்று, தான் இயற்றிய சட்டத்திலிருந்து தன் மகனுக்கு மட்டும் விலக்குக் கேட்டார்.

பேரவை கொடுத்தது. அகந்தைக்கு இவர் பட்டது போதும் என்று மக்கள் மனம் இரங்கியதாகப் புளூடார்க் சொல்கிறார். எத்தனையோ ஆண்டுகளாகத் தென்சரிவில் உட்கார்ந்து பழகிய இரக்கம், பேரவையில் கை தூக்கியது. 429-ல் பெரிக்ளீஸும் நோய்க்குப் பின் மறைந்தார்.

சோஃபோக்ளீஸ் தன் பழைய தோழரைத்தான் ஈடிபஸாக்கினார் என்று நான் சொல்லவில்லை. நாடகம் அப்படி ஒருவருக்கு ஒருவர் என்று வேலை செய்வதில்லை. ஆணையிட்டவன் மேலேயே ஆணை திரும்பும் என்பதை நினைத்துப் பார்க்க அந்த ஊருக்குத் தொலைதூரத்துப் பழங்கதை தேவைப்படவில்லை, கண்ணெதிரிலேயே இருந்தது என்றுதான் சொல்கிறேன். இத்தனைக்கும் அந்த ஆண்டுப் போட்டியில் 'ஈடிபஸ்' முதற்பரிசு வாங்கவில்லை. ஐஸ்கிலஸின் சகோதரி மகன் பிலோக்ளீஸ் வென்றார். அவர் எழுதிய நாடகங்களில் ஒன்றுகூட இன்று முழுதாக இல்லை.

ஊரை விட்டுப் பிரிந்த நாயகன்

'ஈடிபஸ்' நாடகத்துக்கு நிலைத்த பெருமையைத் தேடித் தந்தவர் அரிஸ்டாட்டில். சோஃபோக்ளீஸ் இறந்து இருபது ஆண்டுகளுக்கும் மேலான பின், கி.மு. 384-ல் வடக்கே ஸ்டாகிரா என்ற ஊரில் பிறந்தவர். கவிதையியல் பற்றிய தன் நூலில், மிகச் சிறந்தவனும் அல்லாத, தீயவனும் அல்லாத, ஆனால் புகழோடு வாழ்ந்த ஒருவன் ஏதோ ஒரு பெரும் பிழையால் வீழ்வதே சிறந்த துன்பியல் என்றார். நிலைமை தலைகீழாவதும் உண்மையை அறிவதும் ஒரே கணத்தில் நடப்பது 'ஈடிபஸ்' நாடகத்தின் மேன்மை என்று காட்டினார். பின்னாளில் பாடநூல்கள் அந்தப் பிழையை நாயகனின் 'குணக்குறை' என்று சுருக்கிவிட்டன. ஈடிபஸின் குறை முன்கோபம் என்று ஒரு வரியில் விடை எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் நம் கல்லூரிகளிலும் உண்டு. அரிஸ்டாட்டில் பேசியது அறியாமல் செய்த செயலைப் பற்றி.

ஆனால் அவரும் ஒன்றை விட்டுவிட்டார். ஏதென்ஸில் அவர் அந்நியர், வாக்குரிமை இல்லாதவர். அவர் நூலில் கப்பப் பணம் இல்லை, போர் அனாதைகள் இல்லை, குலுக்கலில் வந்த நடுவர்கள் இல்லை. நாயகனை மட்டும் தனியே எடுத்து, அவன் எங்கும் எக்காலத்துக்கும் உரியவன் என்று கொடுத்தார். அதனால்தான் அவன் நமக்கும் கிடைத்தான். அவனைப் பார்த்துக்கொண்டிருந்த ஊர்தான் நம் கண்ணிலிருந்து மறைந்துபோனது.

அந்த ஊர் பார்த்ததிலிருந்து கற்றுக்கொண்டதா? இதற்கு மட்டும் காலத்தை முந்திக்கொண்டு கி.மு. 406-க்கு ஒரு நடை போய் வருவோம். அந்த ஆண்டு ஆர்கினூஸே தீவுகளருகே ஏதென்ஸின் கடற்படை வென்றது. மூழ்கும் கப்பல்களில் தத்தளித்த சொந்த வீரர்களைப் புயலால் மீட்க முடியவில்லை. வென்று வந்த தளபதிகள்மேல் பேரவை பாய்ந்தது. தனித்தனியே விசாரிக்க வேண்டும் என்ற முறையை மீறி, எல்லோருக்கும் சேர்த்து ஒரே வாக்கெடுப்பில் மரண தண்டனை விதித்தது. முறையல்ல என்று மறுத்து நின்றவர் சாக்ரட்டீஸ். கொல்லப்பட்ட ஆறு பேரில் ஒருவர் அஸ்பேஷியாவின் மகன், இளைய பெரிக்ளீஸ். தந்தை கெஞ்சி வாங்கித் தந்த குடியுரிமைதான் அவரைத் தளபதியாக்கி அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

சிறிது காலத்திலேயே ஊர் வருந்தியது. வருந்தி என்ன செய்தது? எங்களை ஏமாற்றித் தவறான தீர்ப்புக்குத் தூண்டியவர்கள் இவர்கள் என்று கலிக்ஸினஸ் முதலான சிலர்மேல் வழக்குப் போட்டது என்கிறார் ஸெனஃபோன். ஈடிபஸுக்கும் அவனைப் பார்த்து அழுத ஊருக்கும் உள்ள தூரம் இதுதான். அப்பல்லோ தன்னை இந்தக் கதிக்கு ஆளாக்கினான் என்று அவனும் சொன்னான். ஆனால் கண்ணைக் குத்திய கை தன்னுடையது என்று அதே மூச்சில் சேர்த்துச் சொன்னான். தான் போட்ட ஆணையின்படி தன்னை ஊரை விட்டுத் துரத்தச் சொல்லி அவனே மன்றாடினான். விழுவதால் ஒருவன் துன்பியல் நாயகன் ஆகிவிடுவதில்லை. விழுந்த இடத்தில், இது நான் செய்தது என்று சொல்ல முடிகிறவனே அப்படி ஆகிறான். அரசன் இல்லாத ஊர் அரசனைப் பார்க்கப் போனதற்குக் காரணமும் இதில்தான் இருக்கிறது. ஆயிரம் பேர் சேர்ந்து போட்ட தீர்மானம் தவறாகும்போது, நான் செய்தேன் என்று சொல்ல அங்கே ஒருவரும் இருப்பதில்லை.

ஆனால் ஒரு தடவை அந்தப் பேரவை தன் ஆணையைத் தானே திருப்பி எடுத்துக்கொண்டது. கி.மு. 427-ல் மிட்டிலீனி நகரின் ஆண்கள் அனைவரையும் கொல்லச் சொல்லி ஒரு கப்பல் புறப்பட்டது. மறுநாள் மனம் மாறி, அதைத் தடுக்க இரண்டாவது கப்பலை விரட்டினார்கள். கிளியோன் என்ற புதிய தலைவரும், ஒரு நாள் பிந்திக் கிளம்பிய துடுப்புக்காரர்களும் அடுத்த அத்தியாயத்தில்.

(தொடரும்)